விதி மாறினால் கொதிப்பது எப்படி?

ஐபிஎல் தொடங்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது கிரிக்கெட் வாரியம் ஒரு புது விதியை எடுத்து விடும். அதைக் கேட்டதும் கொதிக்க சேலம், நாமக்கல் பக்கத்து ரசிகர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சேலம் ஐந்து ரோட்டிலிருந்து பரமத்தி வேலூர் வரை எந்த பேக்கரி வாசலில் நின்றாலும் கொதிப்பு தானாக வரும். குறை ஒன்றுதான், அதில் ஒழுங்கு இல்லை. ஒருவர் சீக்கிரம் கொதித்துச் சீக்கிரம் ஆறிவிடுகிறார். இன்னொருவர் விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தானுங்ணா இருக்குது" என்று சொல்லிக் காரியத்தையே கெடுக்கிறார். இனி அப்படி நடக்கக் கூடாது. கீழே உள்ள பாடங்களை வரிசையாகப் பின்பற்றுங்கள்.

1. விதியைப் படிக்காதீர்கள்

படித்தால் பாதிக் கோபம் போய்விடும். 2023இல் ஐபிஎல்லுக்கு வந்த இம்பாக்ட் பிளேயர் விதியையே பாருங்கள். டாஸ் முடிந்த பிறகு கேப்டன் பதினோரு பேரோடு ஐந்து மாற்று வீரர்களின் பெயரையும் கொடுப்பார். அந்த ஐவரில் ஒருவரை இன்னிங்ஸ் தொடங்கும்போதோ, ஓவர் முடிந்ததுமோ, விக்கெட் விழுந்ததுமோ இறக்கலாம். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. உள்ளே வந்தவர் முழுதாக பேட் செய்யலாம், நான்கு ஓவரும் வீசலாம். பதினோரு பேரில் ஏற்கெனவே நான்கு வெளிநாட்டவர் இருந்தால், வருகிறவர் இந்தியராகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பார்த்தீர்களா, புரிந்துவிட்டது. இனி எதைச் சொல்லிக் கத்துவீர்கள்?

படிக்காமல் இருப்பதன் பலனை 2022 அக்டோபர் 23 அன்று மெல்பர்னில் உலகமே கண்டது. பாகிஸ்தானுக்கு எதிரான கடைசி ஓவரில், ஃப்ரீ ஹிட் பந்தில் கோலியின் ஸ்டம்ப் பறந்தது. பந்து ஓட, அவரும் எதிர்முனை பேட்டரும் மூன்று ரன் ஓடினார்கள். ஃப்ரீ ஹிட்டில் போல்டானால் அவுட் இல்லை, பந்தும் செத்துப்போகாது என்பதுதான் விதி. அந்தப் பக்கத்து ரசிகர்கள் அதைப் படிக்கவில்லை, கொதித்தார்கள். நாமும் படிக்கவில்லை, ஆனால் ஜெயித்துவிட்டோம். அதனால் அந்த விதி எவ்வளவு நியாயமானது என்பது நமக்குத் தானாக விளங்கிவிட்டது.

2. முதல் ஐந்து நிமிடத்துக்குள் மரணத்தை அறிவியுங்கள்

"கிரிக்கெட் செத்துப்போச்சு" என்பதே அங்கீகரிக்கப்பட்ட முதல் வாசகம். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்காதீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரர் முந்திக்கொள்வார்.

இதற்கு முன் அது செத்த தேதிகளையும் கையோடு வைத்திருங்கள். 2008இல் ஐபிஎல் பிறந்த அன்றே கிரிக்கெட் செத்தது. 2009இல் போட்டி தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது இன்னிங்ஸின் நடுவில் ஏழரை நிமிட இடைவேளை விட்டார்கள். ஏழரை என்றதுமே சுதாரித்திருக்க வேண்டும், அன்றைக்கும் செத்தது. 2018இல் டிஆர்எஸ் வந்தபோது செத்தது. 2023இல் இம்பாக்ட் பிளேயர், 2024இல் ஓவருக்கு இரண்டு பவுன்சர், 2025இல் இரவு ஆட்டங்களின் இரண்டாவது இன்னிங்ஸில் பனிக்காக மாற்றுப் பந்து. ஒவ்வொரு தடவையும் இழவு சொன்னவர் நீங்கள்தான். அன்றைக்கு இரவு ஏழரை மணிக்கு டிவி முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்தவரும் நீங்கள்தான். அந்த இரண்டாவது விவரத்தைச் சபையில் சொல்ல வேண்டாம்.

3. "அந்தக் காலம்" எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்

நீங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம்தான் அந்தக் காலம். அதற்கு முன்னால் வந்த விதிகள் எல்லாம் மண்ணிலிருந்து முளைத்தவை. பின்னால் வந்தவை எல்லாம் வியாபாரம். நாமக்கல்லில் முட்டை விலை நாளுக்கு நாள் மாறுவதைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிற மனிதர், கிரிக்கெட் விதி வருடத்துக்கு ஒருமுறை மாறினால் மட்டும் டம்ளரை ஓங்கி வைக்க வேண்டும்.

சரித்திரத்தை யாராவது கிளறினால் பேச்சை மாற்றுங்கள். 2025 ஐபிஎல்லில் அம்பயர்கள் மைதானத்திலேயே பேட்டை அளவுச் சட்டத்துக்குள் விட்டுப் பார்த்தபோது "எல்லாம் நாடகம்" என்றீர்கள், நல்லது. ஆனால் 1771இலேயே இங்கிலாந்தில் தாமஸ் வொயிட் என்பவர் ஸ்டம்ப் முழுவதையும் மறைக்கிற அகலத்தில் பேட்டோடு வந்தார் என்பதும், அதைப் பார்த்துத்தான் ஹாம்பிள்டன் கிளப் பேட்டின் அகலத்தை நாலே கால் அங்குலத்தோடு நிறுத்தியது என்பதும், இன்றைக்கும் அதே அளவுதான் என்பதும் உங்கள் காதில் விழக் கூடாது. எல்பிடபிள்யூ 1774இல் வந்த "புது ரூல்" என்பதும் வேண்டாம்.

1992 உலகக் கோப்பை அரையிறுதியையும் மறந்துவிடுங்கள். சிட்னியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை. மழை வந்து போனது. திரும்ப வந்தபோது 1 பந்தில் 22 ரன் என்று போர்டு காட்டியது. அது அந்தக் காலம், அப்போது எல்லாம் சுத்தமாக இருந்தது.

4. உங்கள் ஊர் மைதானத்து விதிகளை நினைவில் வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ந்த ஏரிக்குள் டென்னிஸ் பந்தில் ஆடுவீர்களே, அங்கே நடப்பதைக் கிரிக்கெட் வாரியம் கேள்விப்படக் கூடாது. கரும்புக்காட்டுக்குள் அடித்தால் அவுட். கிணற்றில் விழுந்தால் பந்து காசு அடித்தவன் கணக்கு. வைடு மேல் வைடாகப் போட்டால் ஓவரைப் பாதியில் பிடுங்கிப் பேபி ஓவர். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒருத்தன் காமன், அவன் இரண்டு பக்கமும் பேட் பிடிப்பான். டியூஷன் முடித்துப் பத்து மணிக்கு வருகிறவனை எட்டாவது ஓவரில் சேர்த்துக்கொண்டு, களைத்துப்போனவனை அம்பயராக நிற்க வைப்பீர்கள்.

ஆக, இம்பாக்ட் பிளேயர் உங்கள் ஏரியில் எத்தனையோ வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறான். அங்கே விதியை மாற்ற அறிவிப்புகூடத் தேவையில்லை, பேட் யாருடையதோ அவன் குரலை உயர்த்தினால் போதும். இதெல்லாம் வேறு, அது வேறு. எப்படி வேறு என்று யாராவது கேட்டால், "விளையாடுனவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

5. ஸ்கோர்போர்டைப் பார்த்துக் கொள்கை வகுத்துக்கொள்ளுங்கள்

இதுதான் தலையாய பாடம். மெதுவாகப் படியுங்கள்.

2023 மார்ச் 31, அகமதாபாத். ஐபிஎல் சரித்திரத்தின் முதல் இம்பாக்ட் பிளேயரை இறக்கியது சென்னை சூப்பர் கிங்ஸ். ராயுடு வெளியே, துஷார் தேஷ்பாண்டே உள்ளே. அவர் 50 ரன்னுக்கு மேல் வாரிக் கொடுத்தார், சென்னை தோற்றது. குஜராத் பக்கம் இம்பாக்ட் பிளேயராக வந்து நம்மை எதிர்த்து ஆடியவர் யார்? நம்ம தமிழ்நாட்டுப் பையன் சாய் சுதர்சன். அந்த இரவில் இந்த விதி கேவலமானது, அநியாயமானது, சூதாட்டக்காரன் கண்டுபிடித்தது.

அதே வருடம் மே மாதம், அதே அகமதாபாத், அதே இரண்டு அணிகள், இறுதிப் போட்டி. சுதர்சன் 96 அடித்தார். மழை வந்து 15 ஓவரில் 171 என்றானது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். கோப்பை சென்னைக்கு. பந்து வீச வேண்டிய கட்டாயமில்லாமல் பேட் மட்டும் பிடித்து சென்னையின் சிவம் துபே அந்த வருடம் முழுக்க சிக்ஸர்களாக விளாசியதும் இதே விதியின் தயவில்தான். விடிவதற்குள் கொள்கை மாறியிருக்க வேண்டும். விதி புத்திசாலித்தனமானது, அதைப் புரிந்துகொள்ள மற்ற அணிகளுக்கு மூளை போதவில்லை.

இரண்டு கருத்தையும் ஒரே ஆள் ஒரே வருடத்தில் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். பழைய ஸ்டேட்டஸ் இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும்.

6. யாருக்காகப் போட்ட ரூல் என்று கண்டுபிடியுங்கள்

எந்த விதியும் ஆட்டத்துக்காக வருவதில்லை, ஓர் ஆளுக்காகத்தான் வருகிறது. பெயரைக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. ஐந்து வருடமாகச் சர்வதேசப் போட்டியில் ஆடாத இந்திய வீரரை "அன்கேப்டு", அதாவது இந்தியாவுக்கு ஆடவே ஆடாத, ஆளாகக் குறைந்த விலையில் வைத்துக்கொள்ளலாம் என்று 2024இல் சொன்னார்கள். அந்த அக்டோபர் 31 அன்று தோனியை 4 கோடி ரூபாய்க்குச் சென்னை தக்கவைத்துக்கொண்டது. மும்பை ரசிகராக இருந்தால் "ஒத்த ஆளுக்காகச் சட்டமே போட்டுட்டாங்க" என்று கொதியுங்கள். சென்னை ரசிகராக இருந்தால் "இது 2008லயே இருந்த ரூல், திரும்பக் கொண்டு வந்திருக்காங்க" என்று சரித்திரம் பேசுங்கள். மூன்றாம் பாடத்தில் சரித்திரம் பேசக் கூடாது என்றோமே என்கிறீர்களா? நமக்குச் சாதகமாக இருந்தால் பேசலாம். இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

7. பௌலருக்காகக் கண்ணீர் விடுங்கள், சிக்ஸர் விழும்போது நிறுத்தாதீர்கள்

இம்பாக்ட் பிளேயர் விதியால் ஒரு பேட்டர் கூடுதலாகக் கிடைத்த தைரியத்தில் எல்லோரும் முதல் பந்திலேயே சுழற்றுகிறார்கள். 2024 மார்ச்சில் ஹைதராபாத் மும்பைக்கு எதிராக 277, மூன்றே வாரத்தில் பெங்களூருவுக்கு எதிராக 287. இதைச் சொல்லி, "இனிமே பௌலரே வேண்டாம், மெஷினை வச்சுக்கங்க" என்று கண்கலங்குங்கள். கலங்கிய கண்ணோடு ஹைலைட்ஸைத் தேடிப் போய் சிக்ஸர்களை மட்டும் திரும்பப் பாருங்கள்.

இந்த இடத்தில் நம்மூர்க்காரரைத் தவறாமல் இழுக்க வேண்டும். சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு இந்த விதியால் நஷ்டம் என்று பேசலாம், எட்டாம் ஆளும் சிக்ஸ் அடிக்கிறான், யார்க்கர் கொஞ்சம் தவறினால் கூரை மேல் போகிறது. லாபம் என்றும் பேசலாம், பேட் பிடிக்கத் தேவையில்லாத சுத்தமான பௌலரை அணியில் வைத்துக்கொள்ள இந்த விதிதான் இடம் தருகிறது. நஷ்டத்தைப் பேசும் நாளில் லாபத்தைப் பேசாதீர்கள். 2024 ஏப்ரலில் ஹைதராபாத் 266 அடித்த அதே டெல்லி ஆட்டத்தில் நடராஜன் 19 ரன் மட்டும் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். அந்தக் கணக்கு உங்கள் வாதத்தை இரண்டு பக்கமும் வெட்டும், ஜாக்கிரதை.

2025 சீசனுக்காக டெல்லி அவரை 10.75 கோடிக்கு வாங்கிப் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்ததற்கும் விதியையே திட்டுங்கள். விதிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பது உங்கள் கவலை அல்ல.

ரோஹித் சர்மா இந்த விதி தனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, வாஷிங்டன் சுந்தர், துபே மாதிரி ஆல்ரவுண்டர்கள் பந்து வீசாமலே போகிறார்கள் என்று 2024இல் சொன்னார். அது யோசிக்க வேண்டிய வாதம். அதனால் அதை விட்டுவிட்டு, சொன்னவர் மும்பைக்காரர் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

8. விதி உங்கள் பக்கம் இருந்தால் விதியையும், இல்லாவிட்டால் ஆட்டத்தின் மாண்பையும் பேசுங்கள்

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். பந்து வீச வந்த அஸ்வின், கோட்டை விட்டு நகர்ந்த பட்லரை ரன் அவுட் ஆக்கினார். அன்றைக்கு நீங்கள் "ரூல்ல இருக்குது, செஞ்சாரு" என்றீர்கள். அதே ஜெய்ப்பூரில் பதினேழு நாள் கழித்து, ஒரு நோ பாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றார்கள் என்று தோனி மைதானத்துக்குள்ளேயே நடந்து போனார். அவுட்டாகி வெளியே போன பேட்டர் திரும்ப உள்ளே வர விதியில் இடமில்லை, அந்த ஆட்டத்தின் சம்பளத்தில் பாதி அபராதம். அன்றைக்கு நீங்கள் "ரூலாவது மண்ணாவது, நியாயம்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்றீர்கள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னதுதான் உங்கள் தேர்ச்சிக்கு அத்தாட்சி.

இப்போது பட்லர் மாதிரி அவுட்டை 2022 அக்டோபர் முதல் சட்டப் புத்தகத்தில் நியாயமற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்த்துவிட்டார்கள். வைடு, நோ பாலுக்கு ரிவ்யூ கேட்கவும் 2023 முதல் ஐபிஎல்லில் வழி உண்டு. இரண்டுமே நீங்கள் தொண்டை வறளக் கேட்டவை. ஆகவே வந்த பிறகு இரண்டையும் எதிர்க்க வேண்டும்.

9. தீர்ப்பு வந்த பிறகும் அப்பீல் செய்யுங்கள்

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2023இல்தான் டிஆர்எஸ் வந்தது. ஜூன் 14 அன்று கோவையில் திருச்சி பேட்டருக்கு அம்பயர் அவுட் கொடுத்தார். பேட்டர் ரிவ்யூ கேட்டார். தேர்ட் அம்பயர் பார்த்து, பேட் தரையில்தான் பட்டது, நாட் அவுட் என்றார். உடனே பௌலர் அஸ்வின் அந்த ரிவ்யூவின் மேல் தானும் ஒரு ரிவ்யூ கேட்டார். தேர்ட் அம்பயர் திரும்பப் பார்த்து, திரும்பவும் நாட் அவுட் என்றார்.

இந்த வழியை வீட்டுக்குக் கொண்டு போங்கள். மனைவி ரிமோட்டைப் பிடுங்கினால் அம்மாவிடம் அப்பீல். அம்மா மருமகள் பக்கம் தீர்ப்புச் சொன்னால், அதே அம்மாவிடம் மறு அப்பீல். தீர்ப்பு மாறாது. ஆனால் முயன்றார் என்ற பெயர் நிற்கும்.

10. பௌலரை விட்டுவிட்டு விதியைப் பிடியுங்கள்

அஸ்வினின் அந்த ரிவ்யூவுக்கு முந்தைய இரவு, ஜூன் 13, அதே கோவை. நம்ம சேலம் ஸ்பார்ட்டன்ஸ் கேப்டன் அபிஷேக் தன்வர் கடைசி ஓவரின் கடைசிப் பந்தை வீச வந்தார். ஸ்டம்பைப் பறக்க விட்டார், நோ பால். அடுத்தது நோ பால், சிக்ஸ். அடுத்தது நோ பால், இரண்டு ரன். பிறகு ஒரு வைடு. பிறகு ஒரு வழியாகச் சரியான பந்து, அதுவும் சிக்ஸ். ஒரே பந்தில் 18 ரன்.

முறைப்படி பார்த்தால் கோட்டுக்குப் பின்னால் காலை வைத்திருந்தால் தீர்ந்தது. நீங்கள் முறைப்படி பார்க்கக் கூடாது. "பந்து கணக்குல சேராதாம், ரன் மட்டும் சேருமாம், இதென்ன ரூலுங்ணா?" என்று ஆத்தூர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரிடம் ஆரம்பியுங்கள். அவர் ஆத்தூரில் இறங்கும்வரை விடாதீர்கள்.

11. உங்களுக்கு வெளிநாட்டிலும் பங்காளிகள் இருப்பதை அறிந்துகொள்ளுங்கள்

கொதிப்பில் நாம் தனியாக இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி, பந்து வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து கூட்டமாகத் தள்ளியே கொஞ்ச தூரத்தைக் கடக்கும். தடுக்க முடியவில்லை. 2025இல் கிரீன் பே பேக்கர்ஸ் அதைத் தடை செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டு வந்தது. 32 அணிகளில் 24 ஓட்டு வேண்டும், 22தான் விழுந்தது. தள்ளத் தெரிந்த ஊர் ரசிகர்களுக்கு அது வீரம், மற்ற ஊர்க்காரர்களுக்கு அது அசிங்கம்.

இன்னொன்று. 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு எதிராக ஒரு ஃபவுலை அம்பயர்கள் கண்டுகொள்ளவில்லை. ஊரே கொதித்தது. அந்த மாதிரித் தவறுக்கு ரிவ்யூ கேட்கலாம் என்று அந்த வருடமே விதி வந்தது. ஒரே சீசன் ஆடிப் பார்த்தார்கள், யாருக்கும் திருப்தி இல்லை, தூக்கிப் போட்டார்கள். கேட்டது கிடைத்தபோதும் கொதிக்கிறார்களே, அவர்களைக் கைகூப்பி வணங்குங்கள்.

12. விதியை எடுத்துவிட்டால் ஒப்பாரி வையுங்கள்

இதுவே கடைசிப் படி. 2005இல் ஒருநாள் போட்டிக்கு "சூப்பர் சப்" என்று ஒரு மாற்று வீரரைக் கொண்டு வந்தார்கள். அவர் பெயரை டாஸுக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பதால் டாஸ் ஜெயித்தவருக்கே லாபம் போனது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே கைவிட்டார்கள். இம்பாக்ட் பிளேயர் விதியிலோ பெயர்ப் பட்டியலை டாஸுக்குப் பிறகுதான் வாங்குகிறார்கள். இம்பாக்ட் பிளேயரை முதலில் ஆடிப் பார்த்த சையத் முஷ்டாக் அலி கோப்பையிலிருந்தும் 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். விதிகள் இப்படித்தான் வரும், தேறும், தேறாவிட்டால் போகும். இது தெரிந்தவர் அமைதியாகிவிடுவார், அதனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நாளைக்கு ஐபிஎல்லிலும் அதை எடுத்துவிட்டால் என்ன செய்வது? "நல்லா இருந்த ரூலை எடுத்துட்டானுங்க, கிரிக்கெட் செத்துப்போச்சு" என்று இரண்டாம் பாடத்திலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை

உங்கள் அணி ஒரு விதியின் தயவில் ஜெயித்த இரவிலேயே, "ஜெயிச்சோம், ஆனா இந்த ரூல் சரியில்ல" என்று எவராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஒரு விதி நல்லதா கெட்டதா என்பதை அந்த ஒரு ராத்திரியில்தான் உண்மையாக எடை போட முடியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் இனி ரசிகர் இல்லை. டீ காசை வாங்கிக்கொண்டு பெஞ்சை விட்டு எழுப்பிவிடுங்கள்.

மற்றவர்கள் பயிற்சியைத் தொடரலாம். இம்பாக்ட் பிளேயர் விதி 2027 வரை உண்டு என்று வாரியம் அறிவித்திருக்கிறது. நேரம் இருக்கிறது.